இழுப்பறையில் ஒரு கீச்சொலி

டுவேன் ப்ருயிட்டின் மணிக்கட்டிலிருந்து
நான்தான் கழற்றினேன்.
பின்னப் பெருக்கல் நடக்கும்போது
கடிகாரத்துக்குக் கை முளைக்கக் கூடாது
என்பது என் வகுப்பின் சட்டம்.

இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.
மணிக்கொரு தரம் கீச்சிட்டது.
முப்பது தலைகளும் என் பக்கம் திரும்பின.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பேருந்துகள் போனபின்,
டேட்டன் நகரத்துப் பனி சன்னலை மூட,
எடுத்துத் திருகினேன்.
கால் வந்தது. ஒரு கை வந்தது.
தலை மட்டும் உள்ளேயே சிக்கிக்கொண்டது,
தோளுக்கும் 4:52க்கும் நடுவில்.
ரோபோவும் இல்லை, கடிகாரமும் இல்லை.
கவிழ்ந்த நண்டுபோல் உள்ளங்கையில் கிடந்தது.
வெண்ணெய்க் கத்தியால் நெம்பினேன்,
சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை அப்படியே நீட்டினேன்.
அவன் அதைப் பார்த்தான்; என்னைப் பார்த்தான்.
"இடது காலை முதலில் மடக்கணும், மிஸ்."
க்ளிக்.

என் விரல் எந்தப் பொத்தானை அழுத்தியதோ,
பதினொரு நிமிடம் பிந்தியிருந்தது.
அவன் திருத்தவே இல்லை.
அந்த வருடம் முழுக்க
மதிய இடைவேளை முடிந்து
டுவேன் பதினொரு நிமிடம் தாமதமாக வந்தான்,
சட்டையெல்லாம் பனியோடு.

நான் எதுவும் கேட்கவில்லை.