தொண்ணூறு விநாடி

கட்டுப்பாட்டு அறையில் எவுசேபியா
கறாராய்ச் சொல்லிவிட்டாள்:
"தொண்ணூறு விநாடி.
அதற்குமேல் ஒரு மூச்சு நின்றாலும்
என் வேலை போய்விடும், வில்மர்.
அவள் சரி என்றாலும், இல்லை என்றாலும்
தொண்ணூற்றொன்றில் கம்பி நகரும்."

லா பாஸில் நாங்கள் இப்படித்தான்.
பேருந்து மூச்சுவாங்கும் சரிவில்
கம்பியில் தொங்கி வேலைக்குப் போகிறோம்.
ஆறு வருடமாய் அந்தக் கம்பிக்கு
மசகு போடுகிறவன் நான்.
எந்தத் தூணருகே பெட்டி குலுங்கும்,
எந்த இடத்தில் இல்லிமானி மலை
முழுதாய் வந்து கண்ணாடியில் நிற்கும்,
எனக்குத் தெரியும்.
நான் குறித்துவைத்த இடத்துக்குக் கீழே
கல்லறைத் தோட்டம்.
அதைமட்டும் மாற்ற முடியவில்லை.

ஒத்திகை பார்த்தேன்.
காலிப் பெட்டியில் மண்டியிட்டேன்;
எதிரே வந்த பெட்டியில் ஒரு பையன் கைதட்டினான்.
எழுதிவைத்த நான்கு பக்கம் இரண்டாயிற்று,
இரண்டு ஒரு வரியாயிற்று,
அந்த வரியும் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

மோதிர அளவுதான் பழைய கதை.
மூன்று வருடம் முன்பு, ஒரு மழை இரவில்,
நைரா உறங்கும்போது
அவள் பின்னிக்கொண்டிருந்த அல்பாகா நூலில்
ஒரு துண்டு கிள்ளி
விரலைச் சுற்றி முடிச்சிட்டு எடுத்தேன்.
திருடன்கூட அவ்வளவு நடுங்கியிருக்க மாட்டான்.
நூல் என் பர்சில் கிடந்தது.
ஒருமுறை பர்சோடு கால்சட்டையைத் துவைத்தேன்.
மாதாமாதம் காசு சேரும்,
மாதாமாதம் எதுவோ வந்து தின்னும்:
தம்பியின் உடைந்த கால், கூரைத் தகரம்,
என் பயம்.
பயம்தான் அதிகம் தின்றது.

பள்ளி வாசலில் தொடங்கியது எங்கள் சங்கதி.
பதின்மூன்று வருடம்.
ஊர் எங்களைக் கட்டிவைத்தாயிற்று;
நாங்கள்தான் பாக்கி.

எங்கள் ஐமாராவில்
கண்ணுக்கும் கடந்த காலத்துக்கும் ஒரே சொல்: நைரா.
முன்பு நடந்ததெல்லாம் கண்முன்னால் கிடக்கும்.
பின்பு வரப்போவது
முதுகுக்குப் பின்னால் நிற்கும், தெரியாது.
அதனால்தானோ என்னவோ
மோதிரப் பெட்டியை இரண்டு கையாலும்
முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை, ஐந்தரை.
பல் அச்சு வார்க்கும் இடத்திலிருந்து
நேராக வந்தாள், நகக்கண்ணில் வெள்ளை மாவோடு.
கதவு மூடும் கடைசி நொடியில்
ஒரு மூட்டை உள்ளே விழுந்தது.
மூட்டைக்குப் பின்னால் ஓர் அம்மாள்,
வட்டத் தொப்பியும் அடுக்குப் பாவாடையுமாய்.
"தள்ளி உட்காருங்கள் பிள்ளைகளா."
உலர்ந்த உருளைக்கிழங்கு மணம்.
இல்லிமானியைத் தேடினேன்.
மேகம் அதை மடித்து எடுத்துப் போயிருந்தது.

பெட்டி நின்றது.
"கரண்ட் போச்சா?" என்று அம்மாள்
சிலுவைக்குறி போட்டாள்.
நான் மண்டியிட்டேன், வேறு இடமில்லை, மூட்டைமேல்.
முட்டிக்கடியில் கிழங்கு நொறுங்கியது.
அந்த ஒரு வரி வரவில்லை.
பெட்டியைத் திறந்து நீட்டினேன்.
எழுபது. அறுபத்திரண்டு.

மோதிரம் விரல்கணுவில் நின்றுவிட்டது.

நைரா குனிந்து பார்த்தாள்.
"அன்றே நினைத்தேன்," என்றாள்,
"முடிச்சை இறுக்கிவிட்டாய் என்று."

அன்றே?

"நான் தூங்கவில்லை.
நீ நூலைச் சுற்ற வசதியாய்
பக்கத்து விரலை நகர்த்திக் கொடுத்தது யார்?
முதல் வருடம் சிரிப்பாய் இருந்தது.
இரண்டாம் வருடம் கோபம்.
மூன்றாம் வருடம்
அந்த நூல் தொலைந்துபோயிருக்கும் என்று..."

முடிக்கவில்லை.
என் கண்முன்னால் கிடந்த இரவு அது.
பாதிதான் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூற்றொன்று.
கம்பி நகர்ந்தது.
"கிழங்குக்கு யார் காசு தருவது?" என்றாள் அம்மாள்.
நைரா மோதிரத்தைக் கழற்றிச்
சுண்டுவிரலில் போட்டுக்கொண்டாள்.
அது சரியா, அளவு பார்ப்பதா,
தெரியவில்லை.

நிலையம் வந்தது, கதவு திறந்தது.
"பதில்?" என்றேன்.
மூட்டையின் ஒரு காதைப் பிடித்திருந்தாள்.
"மறு காதைப் பிடி," என்றாள்.