மே/பா

கொட்பே ஐஸ் ஆலையின் கணக்கறையில்
புதுக் கணினிக்குள்
பழைய கணினியொன்றைக் குடிவைத்தேன்.
எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ்,
எவருக்கு எவ்வளவு கடன்,
எல்லாம் அறிந்த பழைய நிரல்
புது விண்டோஸில் வாய் திறக்காது.
சின்னச் சட்டமொன்றுக்குள்
அதே புல்மேடு, அதே நீல வானம்
விழித்துக்கொண்டன.
அதன் மணிக்கூடு ஒன்பது வருஷம் பிந்தியிருந்தது.

"உள்ளுக்கா?" என்று கேட்டா ஹஸ்மிலா.
"அப்ப அது எங்க இரிக்கி?"
பில் போடுகிறவ, கிண்ணியாவிலிருந்து வாறவ.
மீன்தொட்டியைத் தட்டுவதுபோல
திரையை விரலால் தட்டிப் பார்த்தா.

முதலில் நாட் வழியில் விட்டேன்.
உடனே பிடித்தது.
உள்ளே இருப்பது வெளியே பேசும்,
வீட்டுக்காரரின் பெயரில்.
பதில் வந்தால் வீட்டுக்காரர் வாங்கி
உள்ளே நீட்டுவார்.
ஆனால் அதைத் தேடி எவரும் வர இயலாது.
தராசு கூப்பிட்டது.
ஜெற்றியடி பில் மெசின் கூப்பிட்டது.
அப்படி ஒருவர் இங்கே இல்லை.

எனக்கு அது புதிதில்லை.
உவர்மலையில் பின்னறை வாடகை,
ஆறு வருஷமாய் என் கடிதங்களில்
மே/பா திருமதி அருள்ஞானம்.
வங்கிக்கும் அதே.
ஒருநாள் தபால்காரர் என் பெயர் சொல்லிக் கேட்க
வீட்டில் நின்ற யாரோ உதடு பிதுக்கியிருக்கிறார்கள்.
நேர்முகப் பரீட்சைக்கு வந்த கடிதம்.
வந்த வழியே போயிற்று.

பிறகு பிரிட்ஜ்.
"பாலம்" என்று நான் சொல்ல ஹஸ்மிலா சிரித்தா.
கிண்ணியாப் பாலம் வருமுன்
கடைசிப் பாதை போய்விட்டால்
அவவின் வாப்பா இரவு முழுக்க
இக்கரையில் மீன்கூடையோடு கிடப்பாராம்.
மீன் பழுதாகுமாம். அவரும் கொஞ்சம்.

வைஃபையில் பாலம் நிற்கவில்லை.
ஓர் இணைப்புக்கு ஒரு முகம்தான் என்று
ரௌட்டர் அடம்பிடித்தது.
நாற்பது மீற்றர் கேபிள் இழுத்தோம்,
யன்னலால், தண்ணி சொட்டும் கூரைக்குக் கீழால்.
கேபிள் வந்த அட்டைப்பெட்டியை
வாசலில் ஒரு புள்ளிமான் தின்றுகொண்டிருந்தது.
இந்த ஊரில் மான்களிடம்
யாரும் விலாசம் கேட்பதில்லை.

கிடைத்த இலக்கம் நாற்பத்தேழு.
அரைமணி நேரம் எல்லாம் சரி.
பிறகு விரலடையாள மெசின் நின்றது.
அதுவும் நாற்பத்தேழாம்.
ஒரே கதவிலக்கத்தில் இரண்டு குடித்தனம்.
மூன்றுமணி சிஃப்டுக்கு வந்த யோகேந்திரம்
விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தார்.
"இப்ப நான் வந்திட்டனா, வரேல்லையா?"

கடைசியில் கையாலேயே கொடுத்தேன்,
அறுபத்திரண்டு. மாறாதது.
ரௌட்டரின் ஏட்டிலும் பதிந்தேன்.
பதியும்போது விரல் ஒருகணம் நின்றது.
வீட்டில் தங்குகிற எவரையும்
பொலிசில் பதியவேணும் என்றிருந்த நாட்கள்.
அம்மா படிவத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தா.
இது அந்தப் பதிவில்லை.
இல்லைத்தான்.

பிங் அடித்தேன்.
பதில்.
பதில்.
பதில்.
நாலாவது பிந்தி வந்தது,
பாலத்தில் மாடு நின்றிருக்கும் என்றா ஹஸ்மிலா.
தன் கைப்பையைத் தூக்கித் தராசில் வைத்தா.
உள்ளே, அந்தப் பழைய திரையில்,
இரண்டு கிலோ நூற்றிநாற்பது.
"பாத்தீங்களா, அதுக்கு என்னத் தெரியும்!"

வேலை முடிந்ததற்கு வவுச்சர் நீட்டினா.
பெயர் எழுதினேன். தொகை எழுதினேன்.
விலாசம் என்ற கோட்டில்
மே என்று எழுதிச் சாய்கோடும் போட்டபின்
பேனாவை எடுத்துவிட்டேன்.
வெளியே ஐஸ் அரைக்கிற சத்தம்.
படகொன்று விலைபேசிக்கொண்டிருந்தது.

"என்ன, மை முடிஞ்சிற்றா?"