ஒரு மணி வெடி

ஜெகதேவியில் கல்குவாரி வெடி
மதியம் ஒரு மணிக்கு.
எங்கள் டீம் மீட்டிங்கும் ஒரு மணிக்குத்தான்.
பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கே மைக்கை அணைப்பேன்,
பீரோ மேலிருக்கும் எவர்சில்வர் குடத்தை
இறக்கித் தரையில் வைப்பேன்.
ஓசூர் ஆபீஸின் மூன்றாம் மாடியைக்
காலி செய்து இரண்டு வருஷம்.
ஒன்பது பேர், ஒன்பது கட்டம்.

முனிராஜுவுக்குக் காது கேட்காது.
ஆபீஸில் அது பெரிய விஷயமாக இருந்ததில்லை.
எதிரில் போய் நின்று பேசினால்
உதட்டிலிருந்து எடுத்துக்கொள்வான்,
நாம் விழுங்கின பாதி வார்த்தையைக்கூட.
தேன்கனிக்கோட்டைக்கு லேப்டாப்போடு போன பிறகு
அவனுக்கு மிஞ்சியது
எட்டு வட்டம், வட்டத்துக்குள் முதலெழுத்து.
வட்டங்களுக்கு உதடு இல்லை.
மீட்டிங் முடிந்ததும்
கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புவான்.
புரிந்தது என்று எடுத்துக்கொண்டேன்.
அப்படி எடுத்துக்கொள்வது எனக்கும் சுலபமாக இருந்தது.

பிறகு, வாயால் மட்டும் சொல்லப்பட்ட
ஒரு விதிமாற்றம் அவனுக்குப் போய்ச் சேராமல்
ஆம்பூர்க்காரர் ஒருவரின் பித்தப்பை ஆபரேஷன் கிளெய்ம்
பதினோரு நாள் தூங்கியது.
அன்றைக்குத்தான் கேட்டேன்.
அன்றைக்குத்தான் சொன்னான்.

நாளை முதல் எல்லோரும் கேமரா போடவும்
என்று உத்தரவு அனுப்பினேன்.
நல்லது செய்தவளின் தூக்கம் அன்றிரவு.

மறுநாள் எட்டு முகம், ஒரு 'தி'.
தில்ஷாத்தைத் தனியாக அழைத்தேன்.
"பழையபேட்டைல ஒரே ரூம் வீடு மேடம்.
அவருக்கு சிப்காட்ல நைட் ஷிஃப்ட்.
பகல்ல என் முதுகுக்குப் பின்னாலதான் தூங்குவாரு.
தூங்குற மனுஷனை
எட்டுப் பேருக்கு எப்படிக் காட்டுறது?"
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவனுக்காக நான் திறந்த கதவு
இவள் கட்டிலில் போய் இடித்துக்கொண்டு நின்றது.
எச்.ஆர். அனுப்பிய நலவாழ்வுக் கையேடு நாற்பது பக்கம்.
முதுகு நேராக இருக்க வேண்டும்,
மணிக்கொருமுறை தண்ணீர் குடிக்க வேண்டும்.
கட்டிலைப் பற்றி ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை, யாரும் கேட்காமலே,
'தி' எழுத ஆரம்பித்தது.
பேசுகிறவர் பேசப் பேச சாட்டில் வரி வரியாய்,
ஒன்றையும் விடாமல்.
"பச்சியப்பன் சார் இருமுகிறார்."
"மேடம் வீட்டுக் குக்கர், மூன்றாவது விசில்."
"யாரோ பெருமூச்சு. யாரென்று தெரியவில்லை."
முனிராஜு வாய்விட்டுச் சிரித்தான்.
இரண்டு வருஷத்தில் அந்தச் சத்தத்தை
அன்றுதான் கேட்டோம்.

எழுதுகிற நேரத்துக்கு ஈடாக
அவள் வேலையைக் குறைக்கச் சொல்லி
மேலே எழுதினேன்.
பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள்.
இன்னும் இருக்கிறது.
அதுவரை முறைவைத்து எழுதுகிறோம்.
வெள்ளி என் முறை.
என் ஒற்றுப்பிழைகளை
முனிராஜு ஈவிரக்கமில்லாமல் திருத்துவான்.

போன வியாழன்.
பச்சியப்பன் சார் ஏதோ சதவீதம்
சொல்லிக்கொண்டிருந்தார்.
முனிராஜுவிடமிருந்து தனிச் செய்தி வந்தது.

"வெடி போட்டாச்சா மேடம்?"

மைக் அணைந்துதான் இருந்தது.
யாருக்கும் கேட்டிருக்க வழியில்லை.
உனக்கெப்படித் தெரியும் என்றேன்.

"தினமும் ஒரு மணிக்குக்
கண்ணை இறுக்கி மூடுவீங்க.
இன்னிக்கு மூடல.
பின்னால பீரோ மேலருந்து
குடம் விழுந்துச்சு.
நீங்க திரும்பவே இல்ல.
திங்கள்லருந்து அதே சுடிதார்."

திரும்பிப் பார்த்தேன்.
குடம் உருண்டுபோய்க் கதவோரம் கிடந்தது,
விளிம்பில் புது நசுங்கல்.

திரையின் இன்னொரு மூலையில்
வாராந்திரப் படிவம் திறந்திருந்தது:
இந்த வாரம் எப்படி உணர்ந்தீர்கள்?
ஐந்து நட்சத்திரம்.
டீமுக்கு அதை அனுப்புகிறவளே நான்தான்.

அதை மூடிவிட்டு
அவனுக்கு எழுத ஆரம்பித்தேன்.
அழித்தேன். மறுபடி எழுதினேன். அழித்தேன்.

"மூணு புள்ளி ஓடிட்டே இருக்கு மேடம்,"
என்று வந்தது.
"மெதுவா எழுதுங்க.
ஒற்றெல்லாம் நான் பாத்துக்கறேன்."