மெயின் தெருவின் நீர்க்கணக்கு

மாதத்தின் முதல் செவ்வாய்
இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்கி
குழிக்குள் டார்ச் அடிப்பேன்.
சிலந்தி வலையை விலக்கினால்
கண்ணாடிக்குக் கீழே ஆறு இலக்கங்கள்.
அயோவாவில் ஒரு மூலை, ஓட்டர் பெண்ட்.
பதினேழு வருடமாக
அதன் மெயின் தெரு
எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஊர் அதைத் தலைமுழுகியபோது
முதலில் தெரிந்துகொண்டவன் நான்.
நெடுஞ்சாலையோரம் அந்தப் பெரிய கடை வந்த வருடம்
ஷூ கடையின் இலக்கம் நின்றது.
அடுத்து மருந்துக்கடை.
பிறகு லாக்ஹார்ட் சகோதரர்களின் இரும்புச் சாமான் கடை:
அங்கே கடைசியாக ஓடியது நாற்பது காலன்.
தரையைக் கழுவிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

காலிக் கடைகளையும் விடக்கூடாது என்பது விதி.
போன மாத எண்ணையே இந்த மாதமும் எழுதுவேன்,
இம்போசிஷன் எழுதும் பையனைப் போல.

நகரசபையில் டெல்மா க்விஸ்ட் எழுந்து ஒரு திட்டம் சொன்னாள்.
புதுக் கடைக்கு ஆறு மாதம் வாடகை கிடையாது,
தூசுக் கண்ணாடிகளில் பிள்ளைகளின் ஓவியம்,
வெள்ளி மாலைகளில் தெருவை அடைத்து இசை.
"யாருக்காக?" என்று கேட்டேன்.
கைதட்டினார்கள், எனக்கு.

முதல் வெள்ளி மழை.
வந்தது பதினோரு பேர்.
அதில் நால்வர் வாத்தியக்காரர்கள்,
ஒருவன் நான்,
தடுப்புக் கட்டைகளை வண்டியில் திருப்பி ஏற்ற.
குடைக்குள் டெல்மா
ஆடினாள் என்று சொல்ல முடியாது,
குளிருக்குக் கால் மாற்றிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் செவ்வாயில்
ஷூ கடைக் குழியில் இலக்கம் நகர்ந்திருந்தது.
கசிவு என்று எழுதினேன்.
அந்தத் தெருவில் வேறென்ன நடக்கும்?
ஆனாலும் கதவைத் தட்டினேன்.
முழங்கைவரை மாவோடு ஒரு பெண்,
இட்செல் பராஹாஸ்.
இறைச்சி ஆலையில் ஒன்பது வருடம் இரவு வேலை பார்த்தவள்.
இப்போது அதே இரவில் ரொட்டி சுடுகிறாள்.
பின்கட்டில் அவள் அண்ணன் மகன்
தட்டு கழுவிக்கொண்டிருந்தான்,
குழாயை மூடாமல்.
மூடு என்று சொல்ல வாயெடுத்தேன்.
வாயில் ரொட்டி இருந்தது:
வெல்லம் போட்டது, பன்றிக்குட்டி வடிவம்,
இன்னும் சூடு.

எல்லாம் நிமிர்ந்துவிடவில்லை.
மெழுகுவர்த்திக் கடை மார்ச்சில் மூடியது;
அதன் ஆயுள் முழுக்க அறுநூறு காலன்.
லாக்ஹார்ட் கட்டடத்தின் மாடிச் செங்கல்
வயிறு தள்ளி நிற்கிறது,
கீழே யாரும் நடக்காதபடி கயிறு.
தெரு பிழைக்கிறதென்ற பேச்சு பரவியதும்
முடிதிருத்தும் ரூடிகரின் வாடகையும் ஏறியது.
இப்போது வீட்டு கராஜில் வெட்டுகிறார்.
அந்தத் தண்ணீர் என் நோட்டில் வேறு பக்கம்.
அவரைப் பார்க்கும்போதெல்லாம்
டெல்மா தொப்பியைச் சரிசெய்கிறாள்.

ஜூன் கடைசி வெள்ளி.
மருந்துக்கடையிலிருந்து வங்கி மணிக்கூண்டு வரை
ஒரே மேசை, நாற்பது விரிப்புகள்.
உருளைக்கிழங்கு சாலட்டுக்குப் பக்கத்தில் தமாலே,
யாருடைய பாத்திரம் யாருடையதென்று
மறுநாள்வரை சண்டை.
வெயில் இறங்க மறுத்தது.
பிள்ளைகள் நிழலுக்கு நிழல் தாவினார்கள்.
அப்போது தீயணைப்புக் குழாய் திறந்துகொண்டது,
விசிறிபோல் தண்ணீர்,
செருப்புகள் ஓரமாக மிதந்து போக,
ரூடிகர் சட்டையோடு நடுவில்.

அந்தக் குழாய்க்கு மீட்டர் கிடையாது.
திறந்தது யாரென்று நகரசபை விசாரித்தது.
ஊரில் அதற்குரிய ஸ்பானர் இரண்டுதான்,
ஒன்று தீயணைப்பு நிலையத்தில் பூட்டிக் கிடக்கிறது.

கணக்கில் வராத நீர் என்று
படிவத்தில் ஒரு பத்தி உண்டு.
மூவாயிரம் காலன், உத்தேசமாக.
காரணம் கேட்ட இடத்தில் எழுதினேன்:
கசிவு.