கேள்வி ஒன்பது: உயரம்

மூன்றாம் கவுண்ட்டர் என்னுடையது.
ஸ்டேன்விலீட் நகராட்சியில்
ஊர்வலமோ, பழைய சாமான் சந்தையோ,
தெருவை மறித்து மேசை போட்ட விருந்தோ
முதலில் என் மேசைமேல்
காகிதமாக நடந்து காட்ட வேண்டும்.

அறுபது நாள் முன்பே வரவேண்டிய ரோம்பௌட்
பதினேழு நாள் இருக்கையில் வந்தார்.
ஃபிளாண்டர்ஸின் மழை அவர் காலரிலிருந்து
என் முத்திரை மைமேல் சொட்டியது.
பங்கேற்போர்: நாற்பது.
குதிரை: இரண்டு.
சாணம் அள்ளுபவர்: வில்லம் என்று பெயரோடு.
பித்தளை வாத்தியம்: பதினொன்று.
பெரியவள்: ஒருத்தி.

உப்பு விற்ற மீக்கெ.
பிரம்பு எலும்பு, கித்தான் உடம்பு, காகிதக்கூழ் முகம்.
வருடத்தில் ஒரு நாள்தான் கிடங்கைவிட்டு வருவாள்.
உள்ளே ஒருவர் நின்று தோளில் தூக்குவார்.
அவருக்கு வழி தெரிய
அவள் அடிவயிற்றில் வலைபோட்ட ஒரு துளை.

கேள்வி ஒன்பது.
"நான்கு மீட்டர் தொண்ணூறு" என்றார்.
இந்த ஆண்டு புது டிராம். கம்பி ஐந்து இருபதில் ஓடுகிறது.
கம்பிக்கும் உச்சந்தலைக்கும் நடுவே
அரை மீட்டர் வெறுங்காற்று வேண்டும்.
நான் போட்ட விதியில்லை,
மின்சாரம் போட்டது.
இருபது சென்டிமீட்டர் இடித்தது.
"தொப்பி மட்டும் இருபத்திரண்டு வரும்"
என்றார் மெதுவாக,
ஒரு பெண்ணின் வயதை வெளியே சொல்லிவிட்டவர் போல.

கேள்வி பத்து: வாகனமா, பாதசாரியா?
மாகாணத்துக்கு எழுதிக் கேட்டேன்.
எட்டாம் நாள் பதில் வந்தது.
மனிதரை உள்ளே வைத்து நகர்வது வாகனம்.
கால் தரையில் பாவினால் பாதசாரி.
இரண்டும் பொருந்தினால் நகராட்சியின் முடிவே இறுதியானது.
பாதசாரி என்று போட்டேன்.
வாகனம் என்றால் பாவாடைக்குப் பின்விளக்கு கட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் இருநூறு மீட்டர் மௌனம், சம்மதம்.
தீயணைப்பு வண்டிக்கு வழி, சம்மதம்.
காப்பீட்டுத் தாள் நனைந்திருந்தது, ஆனால் செல்லும்.

எல்லாம் முடிந்தும் அவர் போகவில்லை.
"மாட்டுச்சந்தைத் தெரு, முப்பத்தொன்றாம் எண்.
அங்கே மூன்று நிமிடம் நிற்கணும்."
"நகர்ந்தால் ஊர்வலம், நின்றால் கூட்டம்.
கூட்டத்துக்கு வேறு படிவம், ஆறு வாரம்."
அவர் வாதாடவில்லை.
ஓடீலின் வீடு என்றார்.
இருபத்தாறு வருடம் அவள் வயிற்றுக்குள் நடந்தவன்.
பிப்ரவரியில் போய்விட்டான்.

படிவத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினேன்.
கேள்வி பதினான்கு: தொழில்நுட்ப நிறுத்தங்கள்.
குதிரைக்கு லாடம் கழன்றால் என்று
யாரோ எப்போதோ சேர்த்த கட்டம்.
அதில் எழுதினேன்:
சுமப்பவர் மாற்றம். மூன்று நிமிடம். மா.ச. தெரு 31.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று
தலைகீழாகப் படித்தார்.
தொப்பியை எடுத்து, மறுபடி போட்டுக்கொண்டு போனார்.

அன்று எனக்கு விடுமுறை.
முப்பத்தொன்றுக்கு எதிரே, மருந்துக்கடை வாசலில் நின்றேன்.
வெறுந்தலையோடு வந்தாள்.
அவள் தொப்பியை இரு கையிலும் ஏந்திப் பின்னால் ஒரு பையன்;
எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று,
பட்டியலில் இல்லாதவன்.
நின்றாள். வீட்டைப் பார்த்துத் திரும்பினாள்.
மாடிச் சன்னலில் ஒரு பெண் திரையை விலக்கினாள்.
இரண்டு முகமும் ஒரே உயரம்.
வாத்தியம் ஓய்ந்தது. குதிரை ஒன்று
அதற்கு முடிந்ததைச் செய்தது,
வில்லம் மண்வெட்டியோடு ஓடினார்.
பாவாடை விளிம்புக்குக் கீழே
வந்தபோது இருந்த அதே பழுப்புச் செருப்பு.
நான்கு நிமிடம் பத்து நொடி.
பின்னால் நின்ற டிராம் மணி அடிக்கவில்லை.

திங்கட்கிழமை
கோப்பை மூடும் முன் மேலதிகாரி ஃபெர்கௌடெரன் கேட்டார்:
"பதினான்கில் போட்டிருக்கிறதே,
சுமப்பவர் மாறினாரா?"
"மாறிவிட்டார்" என்றேன்.