பதினாறுக்குக் கீழ்

மலருக்கு ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள்:
"அணியின் வரலாறு, சுருக்கமாக, ஞாயிற்றுக்கிழமைக்குள்."
செயலாளர் நான்தான். பழைய கணக்கு நோட்டும் என்னிடம்தான்.

முதல் வரி சுலபம்.
எழுபத்தொன்பதில் பதினோரு பையன்கள், ஏழு மட்டைகள்.
மிச்ச நாலு பேர்
சும்மா ஓடினார்கள்.

மைதானம் என்று எழுதினால் பொய்.
விருதம்பட்டுப் பக்கம் பாலாற்று மணல்.
பந்து உருளாது, பத்தடியில்
பிள்ளைப்பூச்சி மாதிரி புதைந்துகொள்ளும்.
ஆகவே எங்களுக்கு ஓங்கி அடிக்க மட்டும் வந்தது.
மே மாதம் அஞ்சரைக்குத் தொடங்கி
மணல் காலைச் சுடுவதற்குள் முடிப்போம்.

கோல்கீப்பர் இர்ஃபானுக்குக் காலில் கட்டும் பேடு
பேரணாம்பட்டுத் தோல் ஷெட்டில் அவன் மாமா தைத்தது.
மழையில் நனைந்தால் அந்த நாற்றத்துக்கே
எதிராளி வட்டத்துக்குள் வரமாட்டான்.
இதை மலரில் போட விடுவார்களா, தெரியவில்லை.

ஒரு வருஷம் ஆறு வந்தது.
வராத ஆறு வந்ததென்று ஊரே பாலத்தில் நின்று பார்த்தது.
எங்கள் கோல்கம்பம் இரண்டும்
ஆற்காடு பக்கமாகப் போவதை
நாங்களும் நின்று பார்த்தோம்.

தொண்ணூற்றாறில் சென்னை. செயற்கைப் புல்.
அங்கே பந்து நிற்கவே இல்லை.
பதினொன்றுக்குப் பூஜ்யம்.

இதற்கிடையில் மாவட்டம் ரெண்டாகி,
பிற்பாடு அதுவும் மூணாகி,
பனியன் முதுகில் மட்டும்
வட ஆற்காடு கிழியாமல் இருந்தது.

சரி. எண்பத்திரண்டு.
எங்களிடம் இருக்கிற ஒரே கோப்பை.
அரக்கோணம் ரயில்வே காலனிப் பையன்களை
ரெண்டுக்கு ஒன்றில் ஜெயித்தோம்,
ரெண்டும் தசரதன் போட்டது.

தசரதனுக்கு அப்போது பதினெட்டு.
சவரம் செய்த தாடையில் பவுடர் பூசி வரிசையில் நின்றான்.
அவனுடைய வயதுச் சான்றிதழில் பதினைந்து.

அந்தச் சான்றிதழை எழுதியவன் நான்.
அப்பா பள்ளி அலுவலகத்தில் ரைட்டர்,
படிவம் மேஜை இழுப்பறையில் கிடக்கும்.
என் கையெழுத்து அச்சு மாதிரி.
தலைமையாசிரியர் படிக்காமலே முத்திரை வைத்தார்.
அவனுக்காக மூன்று வருஷத்தை
ஒரு சொட்டு மை சிந்தாமல் அழித்தேன்.

நானும் சென்டர் ஃபார்வர்டுதான்.
நிஜமாகவே பதினைந்து வயதான நான்
கோட்டுக்கு வெளியே பானைக்குப் பக்கத்தில்
இடைவேளைக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.
ஜெயித்தபோது கத்தினேன்.
வெட்டிய விரலில் சாறு பட்டு எரிந்ததும் ஞாபகம்.

அதே சான்றிதழைக் காட்டித்தான்
அவன் போக்குவரத்துக் கழகத்தில் சேர்ந்தான்.
அவன் செட்டெல்லாம் ஓய்வு வாங்கி
வீட்டில் சீரியல் பார்க்கிறார்கள்.
இவன் இன்னும் வேலூர்–ஆரணி ஓட்டுகிறான்.
என் கையெழுத்தில் ஓடுகிற பஸ் அது.
ஒருநாளும் நான் அதில் ஏறியதில்லை.

போன மாதம் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் படுத்தான்.
நர்ஸ் வயசு கேட்டாள்.
அவன் என்னைப் பார்த்தான்.
"சித்தம், எதைச் சொல்லட்டும்?"
"டாக்டருக்கு நிஜத்தைச் சொல்லுடா."
"அது உனக்குத்தானே தெரியும்" என்றான்.
சிரித்ததில் ஒயர் ஒன்று கழன்று
மெஷின் கத்தியது.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஆகிவிட்டது.
எண்பத்திரண்டுக்கு ஆட்டக்காரர் பட்டியல் மட்டும் பாக்கி.
ஒருவர் பெயருக்கும் எதிரே வயது போடவில்லை.
கடைசி வரியில் மட்டும் போட்டுப் பார்க்கிறேன்:

மாற்று ஆட்டக்காரர், க. தேவசித்தம், 15.

அடிக்கலாமா விடலாமா என்று
பேனாவை மூடித் திறந்துகொண்டிருக்கிறேன்.
தசரதன் திங்கட்கிழமை டூட்டிக்குப் போகிறானாம்.
முதல் நடை அஞ்சேகாலுக்கு.