கழித்துப் பார்த்தல்

டெப்ரெட்சென். நவம்பர். இரவு பதினொன்றே கால்.
ஒன்றாம் எண் டிராம்
ஓக் காட்டைச் சுற்றித் திரும்பிப் போயிற்று.
கைக்கடிகாரம், சாவிக்கொத்து, வங்கி அட்டை
எல்லாம் வாசலில் ஒரு தட்டில்.
உள்ளே மூன்று காலில் நிற்கிறது
அறுநூறு மெகாஹெர்ட்ஸ் காந்தம்,
நைட்ரஜனை மெல்ல மூச்சாக விட்டபடி.

கண்ணாடிக் குழாயில் அரை மில்லி கனநீர்.
அதில் கேலக்டின் என்றொரு புரதம், சிட்டிகையிலும் சிட்டிகை.
லாக்டோஸ் மட்டும் தாராளம்,
பாலில் இருக்குமே, அதே சர்க்கரை.
என் வேலை இவ்வளவுதான்:
புரதத்தின் மேல் மட்டும் ரேடியோ அலையைப் பாய்ச்சுவேன்,
இரண்டு விநாடி, அது வாயடைத்துப் போகும்வரை.
அந்நேரம் அதைத் தொட்ட சர்க்கரைக்கும்
ஊமைத்தனம் ஒட்டிக்கொள்ளும்,
மிளகாய்ப்பொடிக் கையால் கண்ணைக் கசக்கியதுபோல.
பிறகு கழன்று, எரிச்சலோடு நீரில் அலையும்.
பாய்ச்சாமல் எடுத்த வரைபடத்திலிருந்து
பாய்ச்சி எடுத்ததைக் கழிக்கிறேன்.
மிஞ்சுவது
தொட்டவற்றின் பெயர்ப்பட்டியல்.
காலக்டோஸின் நாலாம் ஹைட்ரஜன், அடுத்து ஐந்து, ஆறு:
ட்ரிப்டோபானின் தட்டை முகத்தில்
கன்னம் வைத்துப் படுத்தவை.
குளுக்கோஸ் பக்கம் ஏறக்குறைய வெறுமை.
அது வெளியே காலாட்டிக்கொண்டு இருந்திருக்கும்.

இதுவரை சரி. அடுத்தது ஜோம்போரின் குழாய்.
இரண்டரை வருஷம், முப்பத்தோரு படி,
நடுவில் ஒருமுறை குடுவை உடைந்து
பதினெட்டாம் படியிலிருந்து மறுபடி.
கடைசியில் நகக்கண்ணளவு வெள்ளைப் பொடி.
கழித்தேன்.
கோடு.
வெறும் கோடு, ஹோர்டோபாஜ் சமவெளி மாதிரி,
ஒரு மேடில்லை, ஒரு மரமில்லை.
இன்னும் ஐந்நூறு முறை கூட்டிப் பார்த்தேன்.
கோடு கொஞ்சம் வழுவழுப்பானதுதான் மிச்சம்.

"ஒட்டவில்லை" என்று சொல்லிவிட்டு
நடைபாதைக்குப் போய் நின்றான்.
பொகாச்சா ரொட்டியைப் பிட்டுப் பிட்டு
தின்னாமல் கையிலேயே வைத்திருந்தான்.

எனக்கு அந்தக் கோட்டின் மேல் ஒரு சந்தேகம்.
முதல் குழாயை, லாக்டோஸ் குழாயை,
திரும்ப எடுத்தேன்.
அவன் பொடிக் கரைசலில் ஒரு சொட்டு.
லாக்டோஸின் சிகரங்கள் பாதியாய் இறங்கின.
இன்னொரு சொட்டு, புரதத்தின் அளவுக்குச் சரியாக.
சிகரம் எதுவும் இல்லை.
வீட்டுக்குள் யாரோ தாழ் போட்டுவிட்டார்கள்;
லாக்டோஸ்கள் எல்லாம் தெருவில் நின்றன,
தொட முடியாமல், சொல்ல ஒன்றுமில்லாமல்.

என் கருவிக்குச் சேதி கொண்டுவருவது
தொட்டுவிட்டுக் கிளம்புகிறவைதான்.
உள்ளே போய் உட்கார்ந்துவிட்டதைப் பற்றி
அதற்கு ஒன்றும் தெரியாது.
இது எனக்குப் பாடப்புத்தகத்தில் தெரியும், பதினைந்து வருஷமாய்.
ஆனாலும் கை நடுங்கியது.

ஜோம்போரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தான்.
அச்சடித்த தாளைச் சட்டைக்குள் செருகினான்,
தட்டிலிருந்து தொலைபேசியை எடுத்தான்.
மணி இரண்டு இருபது.
மனைவியை எழுப்பி,
"போகவே இல்லை வில்மா, போகவே இல்லை!" என்று கத்தினான்.

தூக்கக் குரல் எனக்கே கேட்டது:
"எது போகலை?
சட்டையில் பட்ட கறையா?"